பேய்க் காமெடியைப் பிரித்துப் பார்த்து, அப்புறம் எடுத்தும் பார்ப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனை இரண்டு கிலோமீட்டர்தான். நிலம் தமிழ்நாட்டில் இருக்கிறது, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. 1993இல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்ரதாழ்’ படத்தின் காட்சிகள் சில இங்கேயும், சில திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும் எடுக்கப்பட்டன. ஒரு வகையில் நம் வீட்டு வாசலில் எடுத்த படம் அது. அதனாலோ என்னவோ, குழித்துறை, மார்த்தாண்டம், அருமனை பக்கம் செல்போனோடு ஷார்ட் ஃபிலிம் எடுக்கக் கிளம்பும் பிள்ளைகள் பலரும் முதலில் கை வைப்பது பேய்க் காமெடியில்தான். செலவு குறைவு. ஒரு பழைய ஓட்டு வீடு, ஒரு வெள்ளைச் சேலை, நன்றாக அலறத் தெரிந்த ஒரு நண்பன் போதும் என்று நினைக்கிறார்கள்.

எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்தால் பயமும் வராது, சிரிப்பும் வராது. பயக் காட்சியைத் தனியாகவும் காமெடிக் காட்சியைத் தனியாகவும் எடுத்து ஒட்டியிருப்பார்கள். உண்மையில் இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: பார்ப்பவரை எதற்காகவோ காத்திருக்க வைப்பது, அந்தக் காத்திருப்பை இழுத்துப் பிடிப்பது, சரியான நொடியில் விடுவது. விடும்போது உள்ளே ஆபத்து இருந்தால் அலறல், இல்லையென்றால் சிரிப்பு. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு படத்தைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும்.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுங்கள்

‘மணிச்சித்ரதாழ்’ படத்தையும், அதே கதையில் பி. வாசு எடுத்த ‘சந்திரமுகி’ (2005) படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே கதை என்பதால் வேறுபாடுகள் தானாகக் கண்ணில் படும். எல்லைப்புறத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி, இரண்டையும் சப்டைட்டில் இல்லாமலே பார்த்துவிடலாம்.

முதல் தடவை கதைக்காகப் பாருங்கள், குறிப்பெடுக்க வேண்டாம். எங்கே சிரித்தீர்கள், எங்கே உடம்பு விறைத்தது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். இரண்டாவது தடவை நோட்டும் பேனாவும் வேண்டும். சிரித்த இடங்களில் இரண்டு, பயந்த இடங்களில் இரண்டு, மொத்தம் நான்கு காட்சிகளை எடுத்துக்கொண்டு அவற்றை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். முழுப் படத்தையும் ஷாட் ஷாட்டாக எழுதுகிறேன் என்று உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரக் கதையிலேயே நோட்டு மூடிவிடும்.

வழக்கங்களை எழுதுங்கள்

பழைய வீடு, பூட்டிய அறை, திறக்காதே என்று சொல்லும் பெரியவர், திறந்துவிடும் வெளியூர் ஆள், மந்திரவாதி, முன்கதையில் ஓர் அநியாயம். இந்தப் பட்டியலை நீங்களே போட்டுவிடுவீர்கள். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். பட்டியலில் எந்த இடத்தைப் படம் நேராகப் பின்பற்றுகிறது, எந்த இடத்தைக் கவிழ்க்கிறது என்பதுதான் வேலை.

உதாரணத்துக்கு ஒரு கேள்வி: பேய் இருக்கிறது என்று தெரிந்தும் ஏன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகவில்லை? சீரியஸ் பேய்ப்படம் இதற்குப் பதில் சொல்லத் திணறும். காமெடி எடுப்பவருக்கோ இந்தக் கேள்விதான் கதையே. ‘யாமிருக்க பயமே’ (2014) படத்தில் கைக்கு வந்த பங்களாவை ஹோட்டலாக்கிவிட்டார்கள், விட்டுப் போனால் பிழைப்புப் போச்சு. தெலுங்கு ‘ஆனந்தோ பிரம்மா’வைத் தழுவி வந்த ‘பெட்ரோமாக்ஸ்’ (2019) இன்னும் ஒரு படி போய், மனிதர்களைப் பார்த்துப் பேய்கள் பயப்படும் வீடாக்கியது. அந்த வீட்டில் தங்க வருகிறவர்களுக்குப் பேயைவிடப் பணக் கஷ்டம் பெரிது. ‘காஞ்சனா’ (2011) கவிழ்த்தது வேறொன்றை. தமிழ்ப் பட ஹீரோ எதற்கும் அஞ்சமாட்டான் என்ற வழக்கத்தை எடுத்து, இருட்டினால் அம்மா பின்னால் ஒளிந்துகொள்கிறவனை ஹீரோவாக்கியது.

ஒரு படத்துக்கு ஒரு கவிழ்ப்பு போதும். எல்லாவற்றையும் கவிழ்த்தால் எதுவும் கவிழ்ந்ததாகத் தெரியாது.

யாருக்குத் தெரியும் என்று குறியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். காட்சியின் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்கத்தில், இந்த நொடியில் பேயைப் பற்றிப் பார்வையாளருக்குத் தெரியுமா, பாத்திரத்துக்குத் தெரியுமா என்று எழுதுங்கள்.

நம் ஊர் இசக்கியம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இந்த வித்தை புதிதில்லை. நீலி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நின்று, ஒரு வணிகனைக் காட்டி, இவர்தான் என் புருஷன் என்று அழுகிறாள். அவள் பேய் என்பது கேட்கிற நமக்குத் தெரியும், பயந்து நடுங்குகிற அந்த வணிகனுக்கும் தெரியும். நியாயம் சொல்ல உட்கார்ந்த பெரியவர்களுக்குத்தான் தெரியாது. அவர்கள் பொறுமையாக, அன்பாக, குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும் என்கிற தோரணையில் அவனைப் பேயோடு சேர்த்து அனுப்பப் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் புலவர் குரலை ஏற்றினால் கூட்டம் நடுங்கும். பின்பாட்டுக்காரர் இடையில் புகுந்து பெரியவர்களைக் கிண்டல் பண்ணினால் அதே கூட்டம் சிரிக்கும். கதையில் ஒரு வரிகூட மாறவில்லை.

சினிமாவில் இதற்கு மூன்று அமைப்புகள் உண்டு. யாருக்குமே தெரியாமல் திடீரென்று வந்தால் திடுக்கிடல், அதன் ஆயுள் ஒரு நொடி. நமக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாவிட்டால் பதற்றம், இதை நிமிடக்கணக்கில் இழுக்கலாம். காமெடிக்கு அதிகம் பயன்படுவதும் இதுதான். தூணுக்குப் பின்னால் பேய் நிற்பது நமக்குத் தெரியும், அவன் தூணில் சாய்ந்து வீரம் பேசிக்கொண்டிருப்பான். வடிவேலு காட்சிகளில் பாதி இந்த அமைப்பில் நிற்பவை.

மூன்றாவது, பாத்திரத்துக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. ‘மணிச்சித்ரதாழ்’ இதில் கில்லாடி. மோகன்லால் நடித்த மனநல டாக்டர் சன்னி, படம் கணிசமாக ஓடிய பிறகுதான் வருகிறார். வந்ததும் குறும்பு, கலாட்டா, பெண்களைச் சீண்டல். ஆள் காமெடிக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நாம் சாய்ந்து உட்காருகிறோம். அந்தக் கலாட்டாவுக்கு நடுவிலேதான் அவர் வீட்டில் ஒவ்வொருவரையும் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரியவரும். காமெடி இங்கே இடைவேளை நிரப்ப வந்த சரக்கு இல்லை, துப்பை ஒளித்துவைக்கிற இடம். இரண்டாவது தடவை பார்க்கும்போது சன்னி சிரிக்கும் ஒவ்வொரு காட்சியிலும் அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள்.

பேய் ஜோக் அடிக்கக் கூடாது

புதியவர்கள் தவறவிடும் விதி இது. பேயைக் கோமாளியாக்கிவிட்டால் பயப்படுகிறவனைப் பார்த்துச் சிரிக்க முடியாது, ஏனென்றால் அவன் எதற்குப் பயப்படுகிறான் என்றே நமக்குப் புரியாது. 1948இல் ஹாலிவுட்டில் அபட், காஸ்டெல்லோ என்ற காமெடி ஜோடியை ஃபிராங்கன்ஸ்டைனோடும் டிராகுலாவோடும் மோதவிட்டு ஒரு படம் எடுத்தார்கள். அதில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி, சீரியஸ் படத்தில் நடிப்பதுபோலவே நடித்திருப்பார். அசடு வழிவதெல்லாம் அந்த ஜோடியின் பொறுப்பு.

பயப்படும் நடிகருக்கும் இதே விதி. காமெடி பண்ணு என்று சொல்லாதீர்கள், உண்மையாகவே பயப்படு, ஆனால் பயப்படவில்லை என்று பக்கத்தில் இருப்பவனிடம் காட்டிக்கொள் என்று சொல்லுங்கள். பயத்தை மறைக்கும் முயற்சியில்தான் சிரிப்பு இருக்கிறது. முகத்தைக் கோணினால் ஒரு தடவை சிரிப்பார்கள்.

கேமராவும் சத்தமும்

பயக் காட்சி முகத்துக்குக் கிட்டே போகும். க்ளோசப்பில் சுற்றுப்புறம் தெரியாது, பக்கவாட்டில் என்ன நிற்கிறதோ என்ற கவலை தானாக வரும். காமெடி விலகி நிற்கும். கை கால் நடுங்குவது, செருப்பை விட்டுவிட்டு ஓடுவது, ஓடிப்போய்த் திரும்பி வந்து செருப்பை எடுப்பது எல்லாம் வைடு ஷாட்டில்தான் தெரியும். நீங்கள் குறித்த நான்கு காட்சிகளில் எந்த நொடியில் கிட்டேயிருந்து தூரத்துக்கு வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் சிரிப்பு அந்த வெட்டில் இருக்கும்.

காலி இடத்தையும் கவனியுங்கள். ஆளை ஃபிரேமின் ஓரத்தில் நிறுத்தி மீதியை இருட்டாக விட்டால், அங்கே ஏதோ வரப்போகிறது என்று கண் தானாகத் தேடும். எதுவும் வராமல் விடுவதும் ஒரு வித்தைதான்.

பணம் இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். 1981இல் வந்த ‘தி ஈவில் டெட்’ படத்தில் காட்டுக்குள் ஏதோ ஒன்று பாய்ந்து வருவதுபோன்ற ஷாட்டுகளுக்கு, சாம் ரெய்மி குழுவினர் ஒரு மரப்பலகையில் கேமராவைப் பொருத்தி, இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பலகை நம்மிடமும் இருக்கிறது. போனைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், தரையை ஒட்டிப் பிடித்து ஓடுங்கள்.

சத்தத்துக்கு ஒரு சோதனை. ‘மணிச்சித்ரதாழ்’ படத்தில் ஷோபனாவின் கங்கா, வெளியே போக வேண்டாம் என்று கணவன் சொன்னதும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, கட்டிலை ஒற்றைக் கையால் தூக்குகிற காட்சி நினைவிருக்கும். அதை ஒரு தடவை சத்தமில்லாமல் பாருங்கள், அடுத்த தடவை திரையைப் பார்க்காமல் கேளுங்கள். எது அதிகம் பயமுறுத்துகிறது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என் கணக்கில் குரல்தான். முகத்துக்கு முன்னால் குரல் மாறிவிடுகிறது, மொழியும் மாறுகிறது. அந்த வருடத்தின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது ஷோபனாவுக்குப் போனதற்கு இந்த ஒரு காட்சியே போதும் என்பேன். அங்கே காமெடியும் நின்றுவிடுகிறது. அந்தக் கட்டத்தில், இன்னொசென்ட் நடித்த காமெடிப் பாத்திரமான உண்ணித்தானின் ஜோக் ஒன்றைச் செருகியிருந்தால் படம் சரிந்திருக்கும். எங்கே சிரிப்பை நிறுத்துவது என்று தெரிவது பாதித் திறமை.

இன்னொன்று, பொய் அதிர்ச்சி. 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள், பின்னால் காலடிச் சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. திடீரென்று சீறல். திரையில் பாய்ந்து நுழைவது ஒரு பஸ். தயாரிப்பாளர் வால் லியூட்டன் பெயரால் இந்த உத்தியை இன்றும் லியூட்டன் பஸ் என்கிறார்கள். ஏமாந்ததும் நமக்கே சிரிப்பு வந்துவிடும், அதனால் பேய்க் காமெடிக்கு இது பெரிய வரம். களியக்காவிளை ஸ்டாண்டில் ஏர் பிரேக் விடும் பஸ்ஸைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டால் போதும். ஆனால் ஒரு குறும்படத்தில் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்

எல்லையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இந்தக் கதையில் இருக்கிறது. மலையாளப் படத்தில் பேய் தமிழ் பேசுகிறது. நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த நடனக்காரி, கடைசிப் பாட்டிலும் தமிழ் வரிகள் உண்டு. தமிழுக்கு வந்து சந்திரமுகி ஆனதும் அவள் தெலுங்கு பேசினாள். இந்தி ‘பூல் புலையா’வில் (2007) வங்காளி. ஒவ்வொரு மொழிக்காரரும் பேயைப் பக்கத்து வீட்டிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். திரைக்கதைக்கு இதில் லாபம் உண்டு. பழகிய முகத்திலிருந்து பழகாத மொழி வந்தால் கேட்பவருக்கு ஒரு விலகல் வரும், தனியாக எஃபெக்ட் தேவையில்லை. ஆனால் விளவங்கோடு பக்கத்து வீடுகளில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் கலந்து வரும். இங்கே அந்த வித்தை பலிக்காது. மலையாளம் பேசினால் யாரும் பயப்படப் போவதில்லை, பாலராமபுரத்து அத்தை வந்திருக்கிறார் என்று காப்பி போடுவார்கள். இதையே கவிழ்ப்பாக வைத்து யாராவது ஒரு குறும்படம் எடுங்களேன்.

இன்னொரு பக்கம், பேய்ப்படங்கள் சுலபமாகச் சறுக்கும் இடங்கள். மனநோய், திருநங்கைகள், கறுத்த நிறம், குண்டான உடம்பு. ‘காஞ்சனா’வில் சரத்குமாரின் திருநங்கைப் பாத்திரத்துக்கு முன்கதையில் மரியாதை கிடைக்கிறது, ஆனால் ஹீரோ உடம்பில் அந்த ஆவி புகுந்ததும் நடை உடையே சிரிப்புக்கு ஆகிறது. ‘மணிச்சித்ரதாழ்’ கங்காவுக்குப் பிடித்தது பேயல்ல, நோய்தான் என்று தெளிவாகச் சொல்கிறது, சொல்லிவிட்டு அந்த நோயையே பயமுறுத்தவும் பயன்படுத்துகிறது. இரண்டும் எனக்குப் பிடித்த படங்கள்தான். நீங்கள் எழுதும்போது ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பயந்தவனைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறேனா, பாதிக்கப்பட்டவரைப் பார்த்தா?

இனி ஒரு காட்சி எடுங்கள்

வெள்ளைச் சேலையை அலமாரியிலேயே விடுங்கள். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. குளிர்ச்சியில் பால் நன்றாக வடியும் என்பதால் விடியும் முன்பே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். வெளிச்சம் முன்பக்கம் அடிப்பதால் ஆளின் முகம் தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு விளக்கு மட்டும் மரத்துக்கு மரம் நின்று நின்று நகரும். இதைவிட நல்ல பேய் ஸ்டூடியோவில்கூடக் கிடைக்காது.

இரண்டு நண்பர்கள், அஜின், ஜெனிஷ். திருவிழா முடிந்து தோட்டம் வழியாக வருகிறார்கள். முதல் ஷாட் வைடு: இரண்டு சின்ன உருவம், ஒரு போன் வெளிச்சம், பரோட்டாவுக்கு யார் காசு கொடுத்தது என்று சண்டை. அப்படியே பிடித்திருங்கள், வெட்டாதீர்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், வெகு தூரத்தில், ஒரு விளக்கு வந்து நிற்கட்டும். அவர்கள் பார்க்கவில்லை, நாம் பார்த்துவிட்டோம். சண்டை தொடரட்டும். அடுத்தது ஜெனிஷ் க்ளோசப், பேச்சை நிறுத்துகிறான். அஜின் குரல் மட்டும் ஃபிரேமுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெனிஷ் பார்க்கும் இடத்தில் இப்போது வெறும் இருட்டு.

“லேய் மக்கா, அங்க ஒரு வெளிச்சம் நின்னுதுல.”

“மின்மினியா இருக்கும். நீ மொதல்ல எனக்க நாப்பது ரூவாய எடு.”

இங்கே சத்தம். கத்தி மரப்பட்டையைச் சீவும் சரக் சரக். மறுபடி ஒன்றுமில்லை. அப்புறம் அஜின் தோளுக்குப் பின்னால், ஆள் உயரத்தில், விளக்கு. இருவரும் உறைகிறார்கள். எண்ணி மூன்று நொடி. இருட்டிலிருந்து ஒரு குரல்:

“ஆருல அது? ஒட்டுபால் களவாங்க வந்தியளா?”

(ஒட்டுபால் என்றால் மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால்.) உடனே வைடுக்கு வெட்டுங்கள். ஓடட்டும், கால் தட்டி, பால் பிடிக்கும் சிரட்டைகள் உருளட்டும். பால் வெட்டுகிறவருக்கு அவர்கள்மேல் சந்தேகம், அவர்களுக்கு அவர்மேல் பயம். அவரை ஜோக் சொல்ல விடாதீர்கள். அவருக்கு உண்மையாகவே கோபம் வர வேண்டும், வடிந்த பாலுக்கு யார் பதில் சொல்வது என்று. மறுநாள் அவர் வந்து, “நான் நேற்று வெட்டவே போகலையே” என்று சொல்லும் திருப்பத்தை மட்டும் தயவுசெய்து வைக்க வேண்டாம். அதை எல்லோரும் எடுத்துவிட்டார்கள்.

இதற்கு விடியற்காலை வரை விழித்திருக்க வேண்டியதில்லை. சூரியன் மறைந்த பிறகு இருபது நிமிடம் போல ஒரு நீல வெளிச்சம் இருக்கும், தோட்டத்துக்குள் அது சீக்கிரமே இருட்டிவிடும். அந்த நேரத்தில் எடுத்தால் இரவு மாதிரியே வரும், உருவங்களும் தெரியும். செல்போன் இருட்டைக் கண்டதும் தானாக வெளிச்சத்தைக் கூட்டிப் படத்தைப் புள்ளி புள்ளியாக்கிவிடும். நிறைய போன்களில் திரையைத் தொட்டுப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், அப்புறம் வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வையுங்கள். தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன வசனம் நிஜமாகவே கேட்கும். வசனம் எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் தோட்டத்துச் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வெட்டுகளுக்கு நடுவே விழும் ஓட்டையை அடைக்க அது இல்லாமல் முடியாது.

இதோடு ஒரு ஷாட் கூடுதலாக எடுத்து வையுங்கள்: பால் வெட்டுகிறவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தலையில் டார்ச் கட்டுவது. எடிட்டிங்கில் இரண்டு வடிவம் செய்யுங்கள். ஒன்றில் அந்த ஷாட் கிடையாது. இன்னொன்றில் அதுதான் முதல் ஷாட். இரண்டாவது வடிவத்தில் பயம் அநேகமாகப் போய்விடும், ஆனால் சிரிப்பு முதல் நொடியிலேயே தொடங்கிவிடும். படப்பிடிப்பில் கலந்துகொள்ளாத இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு வடிவம் போட்டுக் காட்டுங்கள். திரையைப் பார்க்காதீர்கள், அவர்கள் முகத்தைப் பாருங்கள். எந்த நொடியில் போனை எடுத்து மெசேஜ் பார்க்கிறார்களோ, அந்த ஷாட்டை நீங்கள் நீளமாக விட்டிருக்கிறீர்கள்.